ஐந்தாவது படகைச் சொல்லிச் செய்வித்தோம்: நேரோபோட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் இருந்துகொண்டு ஏறக்குறைய 40 ஆண்டுகளாகப் படகு வைத்திருக்கிறேன். நாங்கள் சொல்லிச் செய்வித்த 57 அடி நேரோபோட் 2022இல் தண்ணீரில் இறங்கியது. அன்றிலிருந்து கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. உறவினர், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், கால்வாய்க்கரையில் நடந்து போகிறவர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நேரோபோட் என்றால் என்ன? ஏன் இவ்வளவு ஒடுக்கம்?

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான படகு. அகலம் 6 அடி 10 அங்குலம், நீளம் 70 அடி வரை, எஃகு உடல். பேருந்தைவிட ஒடுக்கம், ஆனால் மிக நீண்டவை கிட்டத்தட்ட இரண்டு பேருந்து நீளம் வரும்.

இந்த அளவு 1760களில் முடிவானது. ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளர் ட்ரென்ட் அண்ட் மெர்சி கால்வாயைத் திட்டமிட்டபோது, லாக்குகளை ஏறத்தாழ 7 அடி அகலத்தில் வைத்தார். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு தொட்டி. அதில் தண்ணீரை ஏற்றியும் இறக்கியும் படகை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் கொண்டுபோவார்கள். லாக் சிறிதானால் தண்ணீரும் கல்லும் குறையும், மலைக்குள் தோண்டும் சுரங்கத்தின் செலவும் குறையும். அப்படி ஒடுக்கிய பிறகும், ஹேர்காசில் சுரங்கம் ஒன்றரை மைலுக்கு மேல் நீண்டது. தோண்ட 11 ஆண்டு எடுத்தது. 1777இல் கால்வாய் முழுதாகத் திறந்தபோது பிரிண்ட்லி உயிரோடு இல்லை. 1772லேயே இறந்துவிட்டார். அவர் அன்று வகுத்த அந்த 7 அடிக்குள்தான் இன்றும் எங்கள் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்க வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் குதிரை இழுத்த சரக்குப் படகுகள் இவை. படகின் பின்முனையில் பத்தடிக்கும் குறைந்த ஓர் அறையில் குடும்பமே வாழ்ந்தது. மீதி நீளமெல்லாம் நிலக்கரியோ மட்பாண்டமோ. ரயிலும் லாரியும் வந்து சரக்கைப் பிடுங்கிக்கொண்டன. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. எஞ்சியிருந்த சரக்கு ஓட்டத்துக்கு அது பெரிய அடி. இன்று ஓடுபவை பெரும்பாலும் உல்லாசத்துக்கும் குடியிருப்புக்குமான படகுகள்.

உங்களிடம் இதுவரை என்னென்ன படகுகள் இருந்தன?

இந்தக் கேள்வியை எல்லோரும் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறார்கள். எனக்கோ மற்ற எல்லாப் பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

நான் பிறந்தது காரைநகர். எங்கள் பக்கத்தில் வள்ளம் என்போம். சிறுவயதில் அதில் ஏறியிருக்கிறேனே தவிர, சொந்தமாக வைத்திருந்ததில்லை. இங்கு வந்த சில ஆண்டுகளில், 1984இல், ஒரு பழைய மிரர் டிங்கி வாங்கினேன். 1960களில் ஒரு நாளிதழின் ஆதரவோடு வந்த, சிவப்புப் பாய் கட்டிய சின்னஞ்சிறு பாய்மரப் படகு அது. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மேலே பிசின் பூசி, வீட்டிலேயே கட்டலாம். நான் வாங்கியதை யாரோ ஒருவர் தன் கராஜில் கட்டியிருந்தார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கன்னத்தால் அறியக் கற்றுத் தந்தது அந்தப் படகு. இன்ஜின் படகு ஓட்டும்போதும் அந்தப் பாடம் தினமும் உதவுகிறது. நேரோபோட்டின் பக்கவாட்டுச் சுவர் முழுவதும் காற்றுக்குப் பாய்தான்.

பிள்ளைகள் பிறந்த பிறகு, 1989இல், 20 அடி ஃபைபர்கிளாஸ் கேபின் படகு வாங்கினோம். பின்னால் தொங்கும் பெட்ரோல் மோட்டார். நாலு பேரும் உள்ளே படுத்தால் யாரும் திரும்ப முடியாது. காலையில் கூரையிலிருந்து ஈரம் முகத்தில் சொட்டும். குளிர் நாட்டில் படகுக்கு, குளிரும் ஈரமும் அண்டாமல் உள்ளே பொருத்தும் காப்புறை எவ்வளவு முக்கியம் என்பதை அங்கே படித்தேன்.

மூன்றாவது, பங்குப் படகு. 1996இலிருந்து ஒரு நேரோபோட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆண்டுக்கு நாலு வாரம் எங்களுக்கு. படகு வாங்க யோசிக்கும் எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். செலவு குறைவு, பொறுப்பு பகிரப்படும், எட்டு ஆண்டில் நாங்கள் பார்த்த கால்வாய்கள் ஏராளம்.

நான்காவது, 2004இல் வாங்கிய 45 அடி நேரோபோட். முழுக்க எங்களுடையது. ஆசை அவசரமானது, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிச் சோதிக்காமலே வாங்கினேன். நான்காம் ஆண்டு, துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பாகத்தில் பூசும் கறுப்புப் பூச்சான அடிக்கறுப்பைப் பூசத் தூக்கியபோது, 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய பக்கத் தகடு நீர்மட்டத்தில் சில இடங்களில் 3.5 ஆக அரித்திருந்தது. 4க்குக் குறைந்தால் முழுக் காப்புறுதி தர எங்கள் நிறுவனம் தயங்கியது. மேலே புதிய தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டியதாயிற்று. முந்தையவர் படகைக் கரை மின்சாரத்தில் ஆண்டுக்கணக்காகச் செருகி வைத்திருந்தார். எர்த் கம்பி வழியே பக்கத்துப் படகுகளோடு இணைந்து, எங்கள் எஃகு மெல்ல மெல்லக் கரைந்திருக்கிறது. அதைத் தடுக்கும் கால்வானிக் ஐசோலேட்டர் என்ற சிறு பெட்டியை யாரும் பொருத்தவில்லை.

அப்படியும் அந்தப் படகில் 16 ஆண்டு ஓடினோம். படகில் ஒரு கொப்பி வைத்திருந்தேன். எது பிடிக்கவில்லை, எது கைக்கு எட்டவில்லை, எது உடைந்தது என்று அன்றன்று எழுதுவேன். கடைசியில் மூன்று கொப்பி சேர்ந்தது. புதிய படகின் வரைபடம் அதிலிருந்துதான் வந்தது.

நல்ல பழைய படகுகள் கிடைக்கும்போது ஏன் புதிதாகச் செய்விக்க வேண்டும்?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. உண்மையாகவே சொல்கிறேன். முதல் படகையே சொல்லிச் செய்விப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வரைவது படகைப் பற்றிய கனவு. இரண்டாம் ஆண்டே, குளியலறை இங்கே இருந்திருக்கலாம், சமையலறை அங்கே இருந்திருக்கலாம் என்று விற்றுவிடுகிறார்கள். உங்களுக்கு எது ஒத்துவரும் என்பதை ஒரு பழைய படகு சொல்லட்டும். அதற்கு இரண்டு குளிர்காலம் வேண்டும்.

எங்களுக்கு வேண்டியது சந்தையில் இல்லை. மின்சார இயக்கம், பின்பக்கச் சமையலறை, மழையில் நின்று ஓட்டும்போது முழங்கால் நனையாத இடம். மூன்றும் சேர்ந்த பழைய படகை இரண்டு ஆண்டு தேடினோம்.

நீளம் எவ்வளவு வைக்கலாம்?

57 அடி. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. யார்க்ஷயரில் கால்டர் அண்ட் ஹெபிள் என்ற நீர்வழியில் லாக்குகள் 57 அடி 6 அங்குலம்தான். லீட்ஸ் லிவர்பூல் கால்வாயில் சுமார் 62 அடி. 57க்குள் நின்றால் இங்கிலாந்தின் இணைந்த கால்வாய்கள் எல்லாவற்றிலும் ஏறக்குறையப் போய்வரலாம். தெற்கிலும் நடுநாட்டிலும் மட்டும் சுற்றப் போகிறீர்கள் என்றால் 70 அடி கட்டலாம். ஆனால் பிறகு எப்போதாவது வடக்கே போக மனம் வந்தால் வழியில்லை.

உயரத்தையும் கவனியுங்கள். கால்டன் கால்வாயில் ஃபிராக்ஹால் சுரங்கம் மிகத் தாழ்வு. கூரைமேல் சோலார் தகடு, சைக்கிள், பூந்தொட்டி எல்லாம் அழகுதான். சுரங்கவாயில் அவற்றைக் கேட்டுக்கொண்டு கட்டப்படவில்லை.

படகு கட்டுபவரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

நார்தாம்ப்டன்ஷயரின் கிரிக் கிராமத்தில் ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும் படகுக் கண்காட்சி நடக்கிறது. அங்கே போய் இருபது முப்பது படகுக்குள் ஏறி இறங்கலாம். ஆனால் கண்காட்சிப் படகு மணப்பெண் மாதிரி அலங்கரித்து நிற்கும். அதை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதே பட்டறையில் ஐந்து ஆண்டுக்கு முன் கட்டிய படகைத் தேடிப் பிடித்து, சொந்தக்காரரிடம் பேசுங்கள். கதவு இன்னும் சரியாக மூடுகிறதா? ஜன்னலடியில் தண்ணீர்க்கறை உண்டா? லாக்கில் காத்து நிற்கும்போது ஒரு தேநீர் கொடுத்தால் படகுக்காரர்கள் எல்லாவற்றையும் சொல்வார்கள்.

பட்டறைக்கும் போங்கள், முன்னறிவிப்போடுதான். கூடு வெறும் எஃகாக நிற்கும் நாளில் போனால், மரப்பலகைக்குப் பின்னால் மறையப் போகும் வெல்டிங்கையும் வயரையும் பார்க்கலாம். நாங்கள் தேர்ந்தெடுத்தவர் வயர் ஒவ்வொன்றிலும் இரு முனையிலும் எண் ஒட்டியிருந்தார். கொப்பியின் இரண்டாம் பக்கத்திலேயே நான் எழுதியிருந்த குறை அது: பழைய படகில் எந்த வயர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

எஃகுக் கூட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லோரும் தகட்டின் தடிப்பைக் கேட்கிறார்கள். அது சுலபமான பகுதி: அடியில் 10 மில்லிமீட்டர், பக்கத்தில் 6, கேபினுக்கு 4. பத்து ஆறு நாலு என்று பட்டறைகளில் சொல்வார்கள். வழக்கமான கணக்கு அது, போதும்.

கேட்க வேண்டியது தண்ணீருக்குக் கீழே இருக்கும் வடிவத்தைப் பற்றி. படகின் முன்முனையும் பின்முனையும் நீருக்கடியில் மெல்ல ஒடுங்கிப் போகும். அதை ஸ்விம் என்கிறார்கள். பின் ஸ்விம் நீளமாக இருந்தால் தண்ணீர் ப்ரொப்பெல்லருக்குத் தடையில்லாமல் வந்து சேரும். படகு சொன்ன பேச்சைக் கேட்கும், கரையை அலை அறுக்காது. குட்டையாக வைத்தால் தகடு வளைக்கும் வேலை மிச்சம், உள்ளே இடமும் கொஞ்சம் கூடும். ஆனால் இன்ஜின் எவ்வளவு உறுமினாலும் பின்னால் சுழல்தான் மிஞ்சும், முன்னே நகராது. எங்கள் 45 அடிப் படகு அப்படித்தான். புதிய படகில் மற்ற எதைக் குறைத்தாலும் ஸ்விம் நீளத்தைக் குறைக்காதீர்கள் என்று முதல் நாளே சொன்னேன். நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், சமையலறையைப் பத்து ஆண்டு கழித்துப் பிரித்துக் கட்டலாம். கூட்டின் வடிவம் ஒருமுறைதான்.

இன்னொன்று, களைத்துவாரம். ப்ரொப்பெல்லருக்கு நேர் மேலே ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து கையை விட்டு, சுற்றிக்கொண்ட பிளாஸ்டிக் பை, கயிறு, துணியை வெட்டி எடுக்க வேண்டும். கொவென்ட்ரி, பர்மிங்ஹாம் நகருக்குள் போனால் சில நாள் இரண்டு மூன்று முறை இந்த வேலை வரும். ஒருமுறை முழுச் சேலையையே எடுத்திருக்கிறேன். பழைய படகில் இன்ஜினுக்கும் தகட்டுக்கும் நடுவே குப்புறப் படுத்தால்தான் கை எட்டும். இப்போது முட்டி போட்டு உட்கார்ந்தே செய்கிறேன். வயதாக ஆக இந்த அரையடி வித்தியாசத்தின் அருமை தெரிகிறது.

பின்தளத்தில் மூன்று வகை என்கிறார்களே, எது நல்லது?

டிராட் என்றால் ஓட்டுபவர் ஒருவர் நிற்கும் அளவு இடம், மீதியெல்லாம் கேபின். குரூசர் என்றால் திறந்த தளம். ஐந்தாறு பேர் நின்று பேசலாம், மழையும் எல்லோர்மேலும் பெய்யும். செமி டிராட் என்றால் பக்கச் சுவர் உண்டு, மேலே திறப்பு. பேரப்பிள்ளைகள் வருவார்கள் என்பதால் நாங்கள் செமி டிராட் எடுத்தோம். சுவர் இருப்பதால் சின்னவர்கள் உள்ளே பாதுகாப்பாக உட்காரலாம்.

டீசலா, மின்சாரமா?

இதில் பல நாள் தூக்கம் கெட்டது. நேரோபோட்டின் டீசல் இன்ஜின் மிக உறுதியானது. சூட்டைக் குளிர்விக்கக் கால்வாய்த் தண்ணீரை உள்ளே இழுப்பதில்லை. ஸ்விம் தகட்டின் உட்புறம் ஒரு தட்டையான தொட்டியை வெல்டிங் செய்து, அதில் இன்ஜின் தண்ணீரைச் சுற்றவிடுவார்கள். வெளியே ஓடும் கால்வாய் சூட்டை வாங்கிக்கொள்ளும். நாலு குதிரைத்திறனுக்கு ஒரு சதுர அடி என்பது பொதுக் கணக்கு. தொட்டி சிறிதானால் ஆற்றில் எதிர்நீச்சல் போடும்போது சூடேறும். டீசல் எடுப்பவர்கள் இந்த அளவை எழுத்தில் கேளுங்கள்.

நாங்கள் மின்சாரம் எடுத்தோம். 48 வோல்ட் மோட்டார், சுமார் 29 யூனிட் தேக்கும் லித்தியம் பேட்டரிகள், கூரையில் 2 கிலோவாட் சோலார், கூடவே ஒரு டீசல் ஜெனரேட்டர். கால்வாயில் மணிக்கு 4 மைல்தான் அதிகபட்சம். நாங்கள் போவது 3க்கும் குறைவு. அந்த வேகத்தில் இரண்டிலிருந்து மூன்று கிலோவாட்தான் இழுக்கிறது. ஆறு மணி நேரம் ஓடினாலும் பேட்டரியில் மிச்சம் இருக்கும். ஜூன் மாத நல்ல வெயிலில் கூரை 8, 9 யூனிட் தருகிறது. டிசம்பரில் ஒரு யூனிட்கூட வராத நாள்கள் உண்டு. அப்போது ஜெனரேட்டர்தான். ஜெனரேட்டர் இல்லாமல், கரையில் செருகிக்கொள்ளலாம் என்று நம்பி மின்சாரப் படகு கட்டாதீர்கள். வழியில் சார்ஜ் ஏற்றும் இடங்கள் மிகக் குறைவு.

செலவு கூடுதல்தான், மறைக்கவில்லை. ஆனால் முதல் நாள் காலை, ஹாக்ஸ்பரி சந்திப்பைத் தாண்டி ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாய்க்குள் திரும்பியபோது, முன்முனை தண்ணீரைப் பிளக்கும் ஓசை 57 அடி தாண்டிப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. முப்பது ஆண்டு படகு ஓட்டி அதைக் கேட்டதே இல்லை. மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "இஞ்சேருங்கோ, நிண்டு போச்சோ?" என்றாள். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உள்ளே எப்படி அமைத்தீர்கள்? நம் சமையல் சரிவருமா?

வழக்கமாக முன்பக்கம் கூடம், பின்பக்கம் படுக்கை. நாங்கள் தலைகீழாக வைத்தோம். பின்னால் சமையலறை, அடுத்து கூடம், குளியலறை, முன்முனையில் படுக்கை. ஓட்டுபவருக்குத் தேநீர் நீட்ட 40 அடி நடக்க வேண்டாம். சேற்றுக் காலோடு உள்ளே வந்தாலும் படுக்கையறை வழியாக வர வேண்டாம்.

சமையலறைப் படம் வந்த அன்று மனைவி ஒரே கேள்வி கேட்டாள். "தாளிச்சா இந்தப் புகை எங்கால போறது?" கட்டுபவருக்கு இந்தக் கேள்வி புதிது. மிளகாய் தாளிக்கும் புகை ஆறடி அகல அறையில் என்ன செய்யும் என்று விளக்கினோம். அடுப்புக்கு நேரே பக்கச் சுவரில் திறக்கும் கதவு ஒன்று வந்தது. கூரையில் காளான் வடிவக் காற்றுப்போக்கி ஒன்றுக்குப் பதில் இரண்டு. இன்று அந்தப் பக்கக் கதவுதான் படகிலேயே எல்லோருக்கும் பிடித்த இடம். வெங்காயம் நறுக்கும்போது அன்னம் வந்து தலையை நீட்டும்.

இடியப்பம் அவித்தால் ஆவி பெரிய விஷயம். எஃகில் பட்டு நீராகி, பலகைக்குப் பின்னால் இறங்கும். அதனால்தான் காப்புறையில் கஞ்சத்தனம் கூடாது. நுரை தெளித்து எஃகை முழுவதும் மூடச் செய்தோம். கிரைண்டர் சுழல 3 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும். குளிருக்கு விறகும் நிலக்கரியும் எரிக்கும் இரும்பு ஸ்டவ். கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்; 2019இலிருந்து படகுப் பாதுகாப்புச் சோதனையிலும் அது விதி.

கழிவறையைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம், படகுக்காரர்கள் இதைத்தான் அதிகம் பேசுகிறார்கள். பெரிய தொட்டி வைத்து, பணம் கட்டி உறிஞ்சி எடுக்கச் செய்யலாம். கால்வாய் உறைந்து படகு நகர முடியாவிட்டால் சிக்கல். நாங்கள் கையால் தூக்கிப்போய்க் கொட்டும் பெட்டி வகை வைத்திருக்கிறோம், மூன்று பெட்டி. பனியிலும் நடந்து போகலாம்.

எவ்வளவு செலவாகும்? பணத்தை எப்படிக் கொடுப்பது?

நல்ல பட்டறையில் 57 அடி, எல்லாம் முடித்துக் கைக்கு வர, இப்போது ஒன்றரை லட்சம் பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும். மின்சார இயக்கம் என்றால் இரண்டு லட்சத்தை எட்டும். சொல்லும் விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். பணம் குறைவென்றால் வெறும் கூடும் இன்ஜினும் வாங்கி, உள்வேலையை நீங்களே செய்யலாம், சேல்அவே என்பார்கள். கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு நல்ல வழி. ஆனால் இரண்டு ஆண்டு வார இறுதிகள் போய்விடும்.

பணம் கொடுக்கும் விதத்தில்தான் நான் அடிபட்டேன். 2017இல் வேறொரு பட்டறையில் முன்பணம் கட்டினோம். பெயர் வேண்டாம். எட்டு மாதம் கழித்து அது கடனில் மூடியது. எங்கள் படகுக்கென்று வாங்கிய எஃகு முற்றத்தில் கிடந்தது. ஆனால் அது எங்களுடையது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. கடன்காரர் வரிசையில் கடைசியில் நின்றோம். ஒரு பென்னியும் திரும்பவில்லை. அடுத்த ஓராண்டு மனைவியும் நானும் படகைப் பற்றிப் பேசவே இல்லை.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள்: இடம் பிடிக்க ஒரு சிறு தொகை, கூடு நிமிர்ந்ததும் ஒன்று, உள்பலகை முடிந்ததும் ஒன்று, இப்படி. ஒவ்வொரு கட்டத் தொகையும் கட்டியதும், அதுவரை கட்டிய உடலும் அதற்கென வாங்கிய பொருளும் உங்கள் உடைமை என்று எழுத்தில் இருக்க வேண்டும். கூடு நின்றதுமே 14 எழுத்துகள் கொண்ட உடல் எண்ணைப் பொறிக்கச் சொல்லி, அந்த எண்ணை ரசீதில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் சார்பில் படகைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே பணம். கடைசித் தொகையில் ஒரு பகுதியைப் படகு தண்ணீரில் ஓடிக் காட்டும்வரை பிடித்து வையுங்கள். இப்படியெல்லாம் கேட்டால் கோபிக்கும் பட்டறையில் படகு கட்டாதீர்கள். இரண்டாவது முறை நாங்கள் போனவர், நான் கேட்பதற்கு முன்பே அந்த ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார்.

எவ்வளவு காலம் பிடித்தது?

2019இல் சொன்னோம், 2022இல் கிடைத்தது. பாதிக்கு மேல் முறை வரக் காத்திருந்த காலம். நடுவே கொரோனா வேறு. கூடு வெல்டிங் செய்ய இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மீதி தச்சு, வயர், குழாய், வர்ணம்.

உரிமம், நிறுத்துமிடம் எல்லாம் எப்படி?

பெரும்பாலான கால்வாய்களை 2012இலிருந்து கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை பார்க்கிறது. சுமார் 2,000 மைல். உரிமக் கட்டணம் அவர்களுக்கு. தேம்ஸ் வேறு அமைப்பிடம், அதற்குத் தனி உரிமம். காப்புறுதி கட்டாயம். பாதுகாப்புச் சான்றிதழை நாலு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சொந்த நிறுத்துமிடம் இல்லாமலும் படகு வைத்திருக்கலாம். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, அப்படிப்பட்டவர்கள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் தங்காமல் உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். லண்டனில் வாடகைக்குப் பயந்து படகு வாங்க நினைக்கும் இளைஞர்கள் இதை முதலில் யோசியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உங்கள் வீடு நகரும்; பிள்ளையின் பள்ளிக்கூடம் நகராது. 2024 ஏப்ரலிலிருந்து இவர்களுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல்.

நீந்தத் தெரியாதவர்கள் வரலாமா?

வரலாம். கால்வாய் பெரும்பாலும் இடுப்பளவு, மார்பளவு. ஆபத்து லாக்கில்தான். கீழே இறங்கும்போது, மேல்கதவின் அடியில் ஒரு கற்படி தண்ணீருக்குள் மறைந்திருக்கும். சில் என்பார்கள். படகின் பின்முனை அதன்மேல் மாட்டிக்கொண்டால் தண்ணீர் இறங்க இறங்க முன்முனை சாய்ந்து, சில நிமிடத்தில் படகு மூழ்கும். லாக் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகின் பின்முனை அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழ்க்கதவுப் பக்கம் இருக்கும்படி வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் உடனே தண்ணீர் திறப்பை மூடச் சொல்லுங்கள். இன்னொன்று: 17 டன் படகு சுவரில் மோதப் போகிறது என்றால் மோதட்டும். நடுவில் காலை வைக்காதீர்கள்.

பராமரிப்பு அதிகமா?

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தூக்கி அடிக்கறுப்புப் பூச வேண்டும். தடித்த எபாக்சி பூச்சு என்றால் இன்னும் நீளும். எங்கள் புதிய கூட்டைத் தண்ணீரில் இறக்குமுன்பே மணல் வீசித் துடைத்து எபாக்சி பூசச் செய்தோம். எஃகுக்கு முன் தன்னைக் கொடுக்கும் மக்னீசியத் துண்டுகளை அந்த நேரத்தில் மாற்றுவோம். கரை மின்சாரத்தால் எஃகு அரிக்காமல் இருக்க இந்த முறை ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாயிற்று. குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீரை வடித்துவிட மறக்காதீர்கள்.

முதலில் எங்கே போகலாம்?

வேல்ஸ் எல்லையின் லாங்கோலன் கால்வாய். 1805இல் திறந்த பொன்ட்கசுல்ட்டெ நீர்ப்பாலம் அங்கேதான் இருக்கிறது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெசொப்பும் கட்டியது. ஆற்றுக்கு மேல் 38 மீட்டர் உயரத்தில் இரும்புத் தொட்டியில் மிதந்து போவீர்கள். ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறு பக்கம் தொட்டியின் விளிம்பு மட்டும்தான். எட்டிப் பார்த்தால் நேரே பள்ளத்தாக்கு. எங்கள் மகள் எட்டு வயதில் பங்குப் படகில் அதைக் கடந்தாள். 2023இல் புதிய படகில், தன் மகனைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கடந்தாள்.

படகின் பெயர் என்ன? ஏன் தமிழில் எழுதியிருக்கிறீர்கள்?

விடிவெள்ளி. பதிவு எண்ணை அவர்கள் விதிப்படி எழுத வேண்டும். பெயரை நம் விருப்பப்படி எழுதலாம். எழுத்து வரைபவர் நாற்பது ஆண்டு தூரிகை பிடித்தவர். தமிழ் எழுத்தை முன்பின் கண்டதில்லை. அச்செடுத்துக் கொடுத்த தாளை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "கை எங்கே தொடங்கும், எங்கே முடியும் என்று எழுதிக் காட்டுங்கள்" என்றார். சுண்ணக்கட்டியால் பட்டறைத் தரையில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினேன். 'ள்'ளின் சுழியை மட்டும் மூன்று முறை எழுதச் சொன்னார். பிறகு கேபின் பக்கத்தில், கறுப்பு நிழல் வைத்த மஞ்சள் எழுத்தில், ஒரே மூச்சில் வரைந்து முடித்தார். புள்ளியை வைக்குமுன் திரும்பி, "இது கட்டாயம் வேண்டுமா?" என்று கேட்டார். வேண்டும் என்றேன். மெல்ல வைத்தார்.